மூச்சை விடுவதில்தான் சிக்கல்: ஊதும் அறையிலும் வார்டிலும் அன்றாடம் பார்ப்பவை

ஸ்பைரோமெட்ரி டெக்னீஷியன்

ஊதுகிற டெஸ்ட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். நெஞ்சு நிறைய இழுங்க என்றால் இழுத்துவிடுகிறார்கள். ஊதுங்க என்றதும் பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பதுபோல 'புஸ்' என்று ஒரே நொடியில் முடித்துக்கொள்கிறார்கள். மிஷினுக்கு முதல் நொடியில் வெடித்துக் கிளம்பும் காற்றும் வேண்டும், அதற்குப் பிறகு அடிவரை வடிந்து வரும் காற்றும் வேண்டும். முதல் நொடிக் காற்று எஃப்.இ.வி.1, மொத்தக் காற்று எஃப்.வி.சி. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண் 0.70-க்குக் கீழே இருந்தால் குழாய் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பாருங்கள். ஒருவருக்கு முதல் நொடியில் 1.5 லிட்டர், முழுக்க ஊதினால் 2.5 லிட்டர். விகிதம் 0.60, அடைப்பு தெளிவு. அதே ஆள் 2 லிட்டரிலேயே வாயை எடுத்துவிட்டால் விகிதம் 0.75. நோய் இருப்பவர் கையில் 'அடைப்பு இல்லை' என்ற ரிப்போர்ட்! அதனால்தான் "விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்" என்று பக்கத்தில் நின்று கத்துகிறோம். கோபம் எதுவும் இல்லை. மிஷின் திரையில் கோடு மட்டமாகும்வரை ஊத வேண்டும், அதற்கு 15 நொடிகூட ஆகலாம்.

வருவதற்கு முன்: சால்பியூட்டமால் மாதிரி குறுகிய நேர இன்ஹேலரை 4 முதல் 6 மணி நேரம் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புகையும் கடும் உடற்பயிற்சியும் ஒரு மணி நேரம் வேண்டாம். வயிற்றை இறுக்கும் பெல்ட்டைத் தளர்த்துங்கள். பல்செட் சரியாகப் பொருந்தினால் இருக்கட்டும், கழற்றினால் உதட்டோரம் காற்று கசியும். உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்தே போட வேண்டும், வாய்ச்சொல்லை நம்பக்கூடாது. 'உங்களுக்கு இவ்வளவு இருக்க வேண்டும்' என்று மிஷின் சொல்வது வயது, உயரம், பாலினம் இவற்றை வைத்துத்தான்.

முதல் நொடியில் இருமினால் அந்த ஊதல் செல்லாது. தயங்கித் தயங்கித் தொடங்கினாலும் செல்லாது. குறைந்தது மூன்று ஒழுங்கான ஊதல் வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மி.லி.க்கு மேல் வித்தியாசம் கூடாது. எட்டு தடவைக்குள் கிடைக்காவிட்டால் பொதுவாக அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது. பிறகு 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் நான்கு பஃப், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி ஊதல். பத்தே நிமிடத்தில் அவசரப்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: மருந்து முழுதாக வேலை செய்யாமல் எடுத்த அளவால் யாருக்கும் பயனில்லை.

நுரையீரல் பிசியோதெரபிஸ்ட்

மேலே சொன்னதற்கு உடற்கூறு காரணம் இருக்கிறது. சாதாரணமாக மூச்சை இழுப்பதற்குத்தான் தசை உழைக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் சுருங்கி ஒன்று, ஒன்றரை செ.மீ. கீழே இறங்கும், காற்று உள்ளே வரும். விடுவதற்குத் தனி உழைப்பு இல்லை, விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையாலேயே சுருங்கிக்கொள்ளும்.

பெரிய மூச்சுக்குழாய்களுக்குக் குருத்தெலும்புத் தாங்கல் உண்டு. கடைசியில் இருக்கும் நுண்குழல்களுக்கு அது கிடையாது. சுற்றியிருக்கும் காற்று நுண்ணறைகளின் சுவர்கள் நாலா பக்கமும் இழுத்துப் பிடிப்பதால்தான் அவை திறந்து நிற்கின்றன. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் அந்தச் சுவர்கள் அழிந்துபோனால் பிடிமானம் போய்விடும். (பீடி, சிகரெட் மட்டும் காரணமில்லை. வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையில் நின்ற பெண்களுக்கும் இது வருகிறது.) இப்படிப்பட்டவர் அவசரப்பட்டு நெஞ்சை அமுக்கி ஊதினால் குழல்கள் காற்று வெளியேறும் முன்பே ஒட்டிக்கொள்ளும். பழைய காற்று உள்ளேயே தங்க, அதன் மேலேயே அடுத்த மூச்சை இழுப்பார். நுரையீரல் உப்பி, குவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடும். தட்டையான தசைக்கு இறங்க இடமில்லை. அதனால் கழுத்துத் தசைகள் வேலைக்கு வருகின்றன, கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்காருகிறார். "மூச்சு உள்ளே போகமாட்டேங்குது" என்றுதான் சொல்வார். உள்ளே இடமில்லை என்பதே உண்மை.

உதடு குவித்து விடும் பயிற்சி இதற்குத்தான். தோளைத் தளர்த்தி, வாயை மூடி மூக்கு வழியாக 2 எண்ணும்வரை இழுப்பது, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை மெதுவாக விடுவது. வாயில் உண்டாகும் எதிரழுத்தம் உள்ளே குழல்களை ஒட்டவிடாமல் தாங்கும். தவறு நடப்பது மூன்று வகையில்: கன்னத்தை உப்பவைப்பது, பலமாகத் தள்ளுவது, தொடங்கும்போதே மூச்சை முட்ட முட்ட இழுப்பது. மூன்றாவதுதான் மோசம், ஏற்கெனவே உப்பியிருக்கும் நெஞ்சில் மேலும் திணிக்கிறோம். படியேறும்போது நின்றபடி இழுத்து, விடும்போது ஓரிரு படி ஏறச் சொல்லுங்கள். பலர் மூச்சை அடக்கிக்கொண்டு நாலு படி ஏறித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முகத்துக்கு நேரே கையடக்க ஃபேன் காட்டினாலும் திணறல் உணர்வு தணியும்.

ஐ.சி.யூ. செவிலியர்

மூச்சை எண்ணும்போது "எண்ணப்போறேன் ஐயா" என்று சொன்னால் அந்த நொடியே வேகம் மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை 60 நொடி முழுக்க எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே கணக்கில் நாலு தவறும்.

வேகமான மூச்சைப் பார்த்து 'நல்லா இழுக்கிறார்' என்று திருப்திப்படக் கூடாது. ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும், இரத்தத்தைத் தொடாது. 500 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர், நுண்ணறைக்குப் போவது 4.2 லிட்டர். 200 மி.லி. வீதம் 30 மூச்சு என்றாலும் மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் நுண்ணறைக்கு 1.5 லிட்டர்தான் போகிறது. கார்பன் டை ஆக்சைடு தேங்க ஆரம்பிக்கும்.

அது விரல் ஆக்சிமீட்டரில் தெரியவே தெரியாது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் எண் 97 காட்டும், ஆள் மயக்கக் கலக்கத்தில் இருப்பார். காலைத் தலைவலி, பகலில் தூங்கி வழிவது, நீட்டிய கை படபடப்பது என்றால் உடனே சொல்ல வேண்டும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு டாக்டர்கள் பொதுவாக 88–92 என்று இலக்கு வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல, ஆக்சிஜன் அதிகமானால் இந்தத் தேக்கம் கூடலாம் என்பதால். எண் அழகாக இருக்கட்டும் என்று வீட்டில் ஆக்சிஜன் குமிழைத் திருகி ஏற்றாதீர்கள்.

நீச்சல் பயிற்சியாளர்

இதன் மறுபக்கம் குளத்தில் நடக்கிறது. தண்ணீருக்குள் அதிக தூரம் போக, குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கி விடுகிறார்கள் பையன்கள். இரத்தம் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்திருப்பதால் ஆக்சிஜன் அதிகம் கூடாது. வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடுதான். மூச்சு வாங்கு என்று மூளையை உந்துவது முக்கியமாக அந்த வாயு. அது குறைந்துவிட்டதால் முட்டல் வரும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, அடியிலேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போகிறார்கள். எங்கள் விதி: வேக மூச்சு கூடாது, தண்ணீருக்குள் தூரப் போட்டி கூடாது, தனியாக மூச்சடக்கக் கூடாது.

ஸ்பைரோமெட்ரி டெக்னீஷியன்

@நீச்சல் பயிற்சியாளர்: ஊதும் அறையில் தலைசுற்றுவதற்கும் இப்படிக் கார்பன் டை ஆக்சைடு குறைவது ஒரு காரணம். உட்காரவைத்தே ஊதச் சொல்லுங்கள். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டாம். படபடப்பு என்று நினைத்தது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் அந்தப் பை ஆபத்து.

மருந்தாளுநர்

இன்ஹேலரிலும் எல்லோரும் தாண்டிப்போகும் படி, முதலில் மூச்சை வெளியே விடுவதுதான். நெஞ்சில் காற்று நிறைந்திருக்கும்போது அழுத்தினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். குலுக்கி, மெதுவாக மூச்சை விட்டு, உதட்டால் கவ்வி, இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அழுத்துங்கள். 4, 5 நொடி மெதுவாக இழுத்து 10 நொடி அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மறுபடி குலுக்குங்கள். கேப்ஸ்யூல் பொடி வகைக்கு நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், அந்தக் கருவிக்குள் மூச்சை விடக் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டியாகும். ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் கூடான ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலரவிடுங்கள். பிளாஸ்டிக்கைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டும். டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீதம் பார்ப்பதும் நம்பகமில்லை. எண் காட்டும் வகை இல்லாவிட்டால், தொடங்கிய தேதியை டப்பாவில் எழுதி, மொத்த பஃப்பை ஒரு நாள் அளவால் வகுத்துத் தீரும் தேதியையும் குறித்துவையுங்கள்.