தடாகம் பக்கம் யானையை ட்ரோன் தானாகப் பின்தொடரலாமா?

(கோவை மலையடிவாரத்துல ஊருக்குள்ள இறங்குற யானையைப் பத்தி மூணு பேர் பேசிக்கறாங்க. கம்பங்காடு, பாக்குத்தோப்பு, மேட்டாங்காடுங்கறது அவங்களைக் குறிக்கிற பேரு.)

கம்பங்காடு: மதுக்கரை ரயில் பாதையில யானை வர்றதைக் கண்டுபிடிக்க 2024 பிப்ரவரியில 12 கோபுரம், 24 கேமரா வெச்சாங்க. தண்டவாளம் ஓரிடத்துல கிடக்குது, அங்க அது போதுமுங்க. தடாகம், நரசீபுரம் பக்கம் யானை எந்தப் பள்ளத்துல இறங்குமுன்னு யாருக்குத் தெரியும்? வெப்பக் கேமரா ட்ரோன் தானா கண்டுபிடிச்சு, கூடவே போயி இருப்பிடம் அனுப்பணும். 640-க்கு 512 சென்சார், 13 மி.மீ. லென்ஸ், 12 மைக்ரான் பிக்சல்னா 100 மீட்டர்ல ஒரு பிக்சல் 9 செ.மீ. மூணு மீட்டர் உடம்புக்கு 30 பிக்சலுக்கு மேல. தாராளமுங்க.

பாக்குத்தோப்பு: அந்த 30 பிக்சல் வெட்டவெளியிலதானுங்க. தோப்புக்குள்ள நுழைஞ்சா மட்டைக்கு நடுவுல முதுகு ரெண்டு துண்டாத் தெரியும், ட்ரோன் அதை ரெண்டு யானைன்னு நெனச்சுத் தனித்தனி எண் போட்டுரும். முழுசா மறைஞ்சா, அடுத்து எங்க இருக்கும்னு கணக்குப் போடுற கால்மன் ஃபில்டர் பழைய வேகத்தை வெச்சு ஊகிச்சுட்டே போகும். நொடிக்கு ரெண்டு மீட்டர் நடந்தா, 15 நொடியில சுத்தி 30 மீட்டருக்குள்ள எங்க வேணா இருக்கலாம். அங்க சூடு ஆறாத பாறை இருந்தா அதுமேல ஒட்டிக்கும். யானை அங்கயே நிக்குதுன்னு நம்பித்தான் தண்ணி திருப்ப ஆள் போவாங்க.

கம்பங்காடு: நகராத சூட்டை 20 நொடியில கழிச்சுரலாமுங்க.

பாக்குத்தோப்பு: நின்னு வாழையை உரிக்கிற யானையும் நகராதுங்களே!

மேட்டாங்காடு: அடிவாரச் சரிவை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. ட்ரோன் சொல்ற உயரம் கிளம்பின இடத்துல இருந்து. 80 மீட்டர்ல, கேமரா 30 டிகிரி கீழ பார்த்தா, சமதளக் கணக்குல யானை 139 மீட்டர் தள்ளி. அது நிக்கிறது 20 மீட்டர் மேடுன்னா நிஜத்துல 104 தான். 35 மீட்டர் பிசகு, அடுத்தவர் தோட்டத்தையே காட்டும். கேமரா சாய்வு ஒரு டிகிரி தப்பினாக்கூட 5, 6 மீட்டர்தான். நிலமட்ட வரைபடத்தை ஏத்தி, பார்வைக்கோடு தரையை எங்க முட்டுதுன்னு கணக்குப் போடணும். இல்லாட்டி யானைக்கு நேர் மேல போகணும்.

பாக்குத்தோப்பு: நேர் மேல வேண்டவே வேண்டாமுங்க. தான்சானியாவுல யானையை விரட்டவே ட்ரோன் ஓட்டியிருக்காங்க, சத்தத்துக்கு ஓடும். நம்ம பக்கம் அதுக்குப் பின்னால காடு, முன்னால ஊரு. வாலைப் பிடிச்சாப்புல போனா ஊருக்குள்ளதான் தள்ளுவோம்.

கம்பங்காடு: ஒத்துக்கறேனுங்க. ஊர்ப்பக்கமே 120 மீட்டர் தள்ளி நிறுத்தி, வரைபடக் கணக்குல இடம் சொல்லட்டும். 10 நொடி மறைஞ்சா ஊகத்தை அனுப்பாம, ‘காணோம்’னு கடைசி இடமும் நேரமும் மட்டும் அனுப்பணும். பேட்டரி 30 நிமிஷம், அதனால 30 சதம் இருக்கறப்பவே அடுத்தது கிளம்பணும்.

பாக்குத்தோப்பு: ‘காணோம்’னு சொல்றதா இருந்தா சரிங்க. ட்ரோன் மாறுறப்ப கூட்டத்துல எண்ணும் மாறும், அதனால எண் வேண்டாம். எத்தனை உருவம், எந்தத் திசைன்னு மட்டும் போட்டா போதும்.