வாஹாவ் பள்ளத்தாக்கு: வைன் குடிக்காத குடும்பத்தோட போனா நல்லாருக்குமா?

சாட்ஸ்வர்த்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். டர்பன்லேர்ந்து எழுதுறேன். அடுத்த வருஷம் அம்மா அப்பாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வியன்னா போகலாம்னு இருக்கோம். அப்பா ஸ்கூல்ல சரித்திரம் சொல்லிக் குடுத்தவரு, ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்து புஸ்தகம் படிச்சிக்கிட்டே இருக்காரு. இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட அடைச்சி வெச்சிருந்த கோட்டை டான்யூப் ஆத்து ஓரம் ட்யூர்ன்ஷ்டைன்னு ஒரு ஊர்ல இருக்காம், அத ஒரு தரம் பாத்துடணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் தேடிப் பாத்ததுல அந்த ஊரு வாஹாவ்ங்கற பள்ளத்தாக்குல வருது, மெல்க்லேர்ந்து க்ரெம்ஸ் வரைக்கும் ஆத்தோட ரெண்டு பக்கமும் திராட்சத் தோட்டமாம், போட்டோ பாத்ததுமே மனசு போயிடுச்சு.

ஆனா பாக்குற எடமெல்லாம் வைன் டேஸ்டிங் வைன் டேஸ்டிங்னே எழுதியிருக்காங்க. எங்க வீட்டுக்காரரு மட்டும் கேப் டவுன் பக்கம் போனா ஒரு கிளாஸ் வைன் குடிப்பாரு, மத்தவங்க யாரும் தொடறதில்ல. அதுக்கு மேல, ஸ்கூல் லீவு செப்டம்பர் கடைசிலதான் வசதிப்படுது, அது பெரட்டாசி மாசம், அம்மா முட்டகூட சாப்பிட மாட்டாங்க. அம்மாவுக்கு முட்டி வலியும் இருக்கு. இப்படி ஒரு குடும்பம் அங்க போறதுல அர்த்தம் இருக்கா, இல்ல வியன்னாவோட நிறுத்திக்கிடலாமா? போறதா இருந்தா காலைல போயி சாயங்காலம் திரும்பினா போதுமா, தங்கணுமா? போயி வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க.


பயணப்பை_ஜோபர்க்:

தங்கச்சி, கண்டிப்பா போங்க. நாங்க மாமியார் மாமனாரோட ஜூலைல போனோம், எங்க கூட்டத்துலயும் ரெண்டு பேருக்கு மேல வைன் தொடல, ஆனா யாருக்கும் எதுவும் கொறஞ்சதா தெரியல. அந்த எடத்தோட அழகு பாட்டில்ல இல்ல, ஆத்துலயும் கல்லு சுவத்துலயும்தான் இருக்கு. மெல்க்லேர்ந்து க்ரெம்ஸ் வரைக்கும் முப்பத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம்தான், 2000ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய எடம்னு அறிவிச்சிருக்காங்க. டான்யூப்ல ஆஸ்திரியா முழுக்க கரண்டுக்காக அணை கட்டி வெச்சிருக்காங்க, ஆறு தன் போக்குல ஓடுற எடம் ரெண்டே ரெண்டுதான் மிச்சம், ஒண்ணு வியன்னாவுக்குக் கிழக்கால, இன்னொண்ணு இதுதான். இங்கயும் கட்டத்தான் பாத்தாங்க, அந்த ஊரு சனங்க 1970கள்லேர்ந்து எதிர்த்து நின்னு நிறுத்திட்டாங்க, இன்னைக்கு நம்ம மாதிரி ஆளுங்க போயி ரசிக்கிறோம்னா அவங்க புண்ணியம்.

தங்கறதப் பத்தி என் கருத்து, ஒரு ராத்திரியாவது தங்கிடுங்க, முடிஞ்சா ரெண்டு. வியன்னாலேர்ந்து ஒரே நாள்ல போயிட்டு வரலாம், ட்ரெயின்ல மெல்க்குக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான், ஆனா மெல்க்ல இருக்குற கிறிஸ்தவ மடம் பாத்து, கப்பல் புடிச்சி, ட்யூர்ன்ஷ்டைன் எறங்கி, மறுபடி ட்ரெயின்னு ஓடிக்கிட்டே இருப்பீங்க, முட்டி வலிக்கிற அம்மாவ வெச்சிக்கிட்டு அது பாவம். பகல்ல ட்யூர்ன்ஷ்டைன் தெருவுல கப்பல் கூட்டம் நெரியும், அஞ்சு மணிக்கு மேல எல்லாம் காலி. அந்த சாயங்காலத்துக்காகவே தங்கணும். நான் ஸ்பிட்ஸ் ஊர சொல்லுவேன், ஊருக்கு நடுவுலயே ஒரு குன்னு, அடிலேர்ந்து உச்சி வரைக்கும் திராட்சக் கொடி.

கப்பல் கட்டாயம் மெல்க்ல ஏறி க்ரெம்ஸ் பக்கம் வாங்க, ஆத்தோட போறதால ரெண்டு மணிக்குள்ள வந்துடும். எதிர்ப் பக்கமா ஏறினா மூணு மணி நேரம் ஆகும், பிள்ளைங்க சலிச்சிடும். ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் கப்பல் ஒழுங்கா ஓடும்.

இன்னொண்ணு, ஸ்பிட்ஸ்லேர்ந்து எதிர்க்கரை ஆர்ன்ஸ்டார்ஃபுக்கு ஒரு தோணி போகுது, காருகூட ஏத்திக்கிடுவாங்க, அதுல ஒரு தரம் போயி வாங்க. அதுக்கு இஞ்சினே கெடயாது. ஆத்துக்குக் குறுக்கால மேல ஒரு இரும்புக் கம்பி கட்டியிருக்கு, அதுல தோணிய மாட்டியிருக்காங்க, ஓட்டுறவரு சுக்கானத் திருப்பி தோணிய சாய்வா நிறுத்துறாரு, தண்ணி வர்ற வேகமே தள்ளிக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் விட்டுடுது. சத்தமே இல்ல, தண்ணி பலகைல மோதுற சத்தமும் மேல அந்த உருளை கம்பில உருள்ற சத்தமும் மட்டும்தான். மாமனாரு கரை தொட்டதும் எறங்காம அப்படியே திரும்ப வந்தாரு, திரும்பவும் போனாரு.

அந்தக் கரைல எறங்கினா முழுக்க ஆப்ரிகாட் தோப்பு. ஜூலைல பறிப்பாங்க. ரோட்டோரமா பெட்டி பெட்டியா வெச்சி விப்பாங்க, வெயில்ல சூடா இருக்கும், கட்டவெரல வெச்சி அமுக்கினாலே ரெண்டாப் பொளந்து கொட்ட தனியா வந்துடும். நம்ம ஊரு கடைல கெடைக்கிற மாதிரி மாவா இல்ல, சாறு முழங்கை வரைக்கும் வழியுது. அதனால நீங்க செப்டம்பர விட்டுட்டு ஜூன் கடைசி, ஜூலை லீவுல போனீங்கன்னா பெரட்டாசி பிரச்சனையும் தீந்துது, பழமும் கெடச்சுது.


பார்ல்_திராட்ச:

நான் கேப் டவுன் கிட்ட பார்ல் பக்கம் ஒரு வைன் செல்லர்ல வேல செய்யுறேன், அக்கா வீட்டுக்காரருக்காக கொஞ்சம் எழுதுறேன், குடிக்காதவங்களுக்கும் இது தெரிஞ்சிருந்தா அந்த மலையப் பாக்குறப்ப வேற மாதிரி தெரியும்.

அங்க மெயினா ரெண்டு வெள்ள திராட்ச, க்ரூனர் வெல்ட்லினர், ரீஸ்லிங். மலைச் சரிவு ரொம்ப செங்குத்தா இருக்கறதால படிப்படியா வெட்டி, சிமெண்டு வெக்காம வெறும் கல்ல அடுக்கி சுவரு கட்டி மண்ண நிறுத்தியிருக்காங்க. இங்க எங்க தோட்டத்துல ட்ராக்டர் வரிசைக்கு நடுவுல ஓடும், பறிக்கிறதுக்கும் மெஷின் இருக்கு. அங்க அந்தப் படிகள்ல மெஷின் ஏறவே முடியாது, வெட்டுறது, கட்டுறது, பறிக்கிறது, கூடை தூக்குறது எல்லாமே கைவேல. மழைல ஒரு சுவரு சரிஞ்சா மறுபடி கல்லக் கல்லா அடுக்கணும், அந்த வேலைய செஞ்சவனுக்குத்தான் தெரியும் முதுகு என்ன பாடுபடும்னு. அந்தக் கல்லு பகல்ல வெயில வாங்கி வெச்சிக்கிட்டு ராத்திரில கொடிக்கு சூடு குடுக்குது. கிழக்கேர்ந்து ஹங்கேரி சமவெளியோட வெதுவெதுப்பான காத்து ஆத்து வழியா உள்ள வருது, வடக்கேர்ந்து வால்ட்ஃபியர்ட்டல் காட்டுக் குளிரு ராத்திரில எறங்குது. பகல்ல பழம் இனிக்குது, ராத்திரில புளிப்பு தங்குது. அந்த வைனோட ருசி இதுலேர்ந்துதான் வருது.

வாங்குறப்ப லேபிள்ல மூணு பேரு பாக்கலாம். ஷ்டைன்ஃபெடர் ரொம்ப லேசு, ஆல்கஹால் 11.5 சதவீதத்துக்கு மேல போகாது. ஃபெடர்ஷ்பீல் அதுக்கு அடுத்தது, 12.5 வரைக்கும். ஸ்மாரக்ட் நல்லா பழுத்த திராட்சைல செஞ்சது, கனமா இருக்கும், வெலையும் அதிகம். அண்ணாச்சி கேப்ல ஷெனின் ப்ளாங்க்னு வர்ற வெள்ள வைன் குடிச்சி பழகினவரா இருந்தா ஃபெடர்ஷ்பீல்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க. தோட்டக்காரங்க வீட்டு முத்தத்துலயே பெஞ்சு போட்டு தங்களோட வைன விப்பாங்க, ஹாய்ரிகர்னு பேரு, எல்லாரும் எல்லா நாளும் தொறக்க மாட்டாங்க, மொற வெச்சி மாத்தி மாத்தி தொறப்பாங்க, வாசல்ல எலக்கொத்து தொங்குச்சின்னா தொறந்திருக்குன்னு அர்த்தம், அன்னன்னைக்கு எது தொறந்திருக்குன்னு தங்குற எடத்துல கேட்டுக்கிடலாம். நோட்டா காசு வெச்சிக்கோங்க. குடும்பத்தோட வந்து பிள்ளைங்க ஓடிக்கிட்டு இருக்குற எடம்தான் அது, உங்க அம்மா கூச்சப்பட வேண்டியதே இல்ல, திராட்ச ஜூஸும் ஆப்ரிகாட் ஜூஸும் இருக்கும். திராட்ச ஜூஸுக்கு ட்ராவ்பென்சாஃப்ட்னு கேளுங்க. இலையுதிர் காலத்துல போனா ஷ்டுர்ம்னு ஒண்ணு கலங்கலா ஜூஸ் மாதிரியே குடுப்பாங்க, அது பாதி புளிச்ச வைன், பிள்ளைங்க கைக்குப் போயிடாமப் பாத்துக்கோங்க.


பீனிக்ஸ்_அத்த:

நான் பெரட்டாசிலதான் போனேன்மா, சாமி புண்ணியத்துல விரதம் ஒரு நாளும் கெடல. சூப்ப மட்டும் நம்பாத. காய்கறி சூப்பு மாதிரி இருக்கும், கீழ மாட்டெலும்பு தண்ணி. பேன்கேக்க நூல் நூலா வெட்டிப் போட்டு ஒரு சூப்பு தருவாங்க, அது மாட்டுக்கறி தண்ணிதான். ஒவ்வொரு தரமும் கேளு. ஆப்ரிகாட்ட மாவுக்குள்ள வெச்சி உருட்டி வேக வெச்சி, வெண்ணைல வறுத்த ரொட்டித்தூள்ல பொரட்டித் தருவாங்க, மரில்லென்க்னோடல்னு சொல்லுவாங்க, பிள்ளைங்க உயிரையே விட்டுடும், ஆனா அந்த மாவுல முட்ட சேப்பாங்க, அம்மாவுக்கு வேணாம். ரொட்டி, சீஸ், உருளக்கெழங்கு சாலட், தக்காளி இதெல்லாம் எங்கயும் கெடைக்கும். சாலட்லகூட சில எடத்துல கறித்தண்ணி ஊத்துவாங்க, அதையும் கேட்டுக்கோ.

சமையல் ரூமோட இருக்குற வீடா எடுத்தா நிம்மதி. இங்கேர்ந்து அரிசி, பருப்பு, மசாலாத்தூள், ஊறுகா கொண்டு போ. நெய்யி, பால்கோவா, பன்னீரு எதையும் பெட்டில வெக்காத, வெளிநாட்லேர்ந்து பால் சாமானும் கறியும் ஐரோப்பாக்குள்ள விடமாட்டாங்க, ஏர்போர்ட்ல பிடுங்கிப் போட்டுடுவாங்க. தோட்டத்துக் கறிவேப்பிலையும் வேணாம், பச்ச எலைக்கு சர்டிபிகேட் கேப்பாங்க.


மிட்ராண்ட்_தம்பி:

விசா மட்டும் நான் சொல்றேன் அக்கா. நம்ம சவுத் ஆப்பிரிக்கா பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேணும், ஐரோப்பால பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா அது. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசி கெடு 15 நாளு, ஆனா ஜூலைனா எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்புவாங்க, அதனால பிப்ரவரி மார்ச்லயே அப்பாயின்ட்மெண்ட் போட்டுடுங்க. பெரியவங்களுக்கு 90 யூரோ, ஆறு வயசுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பிள்ளைங்களுக்கு 45. இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் கொறயாம இருக்கணும். எந்த நாட்ல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுகிட்டதான் அப்ளை பண்ணணும், ப்ராக், புடாபெஸ்ட்னு சேத்துக்கிட்டீங்கன்னா ராத்திரிய எண்ணிப் பாத்துக்கோங்க. கார் எடுக்குறதா இருந்தா வண்டி வலப்பக்கம் ஓடும், இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கி வெச்சிக்கோங்க, மோட்டர்வேல போக விக்னெட்னு ரோட்டு வரி கட்டியிருக்கணும். ஆனா கார் தேவையே இல்ல, வடகரைல மெல்க்குக்கும் க்ரெம்ஸுக்கும் நடுவுல பஸ் போகுது.


சாட்ஸ்வர்த்_பொண்ணு:

படிச்சிட்டு கண்ணே கலங்கிடுச்சு, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எல்லாத்தையும் அம்மாகிட்ட சத்தமா படிச்சிக் காட்டினேன், அந்த இஞ்சின் இல்லாத தோணிக்கே சரின்னுட்டாங்க. ஜூலைனே முடிவு, ஆடி பொறக்குறதுக்குள்ள திரும்பிடுவோம், கோயில்ல கூழு ஊத்துறது எங்க குடும்பத்து மொற. இன்னும் ஒண்ணு மட்டும், ட்யூர்ன்ஷ்டைன் கோட்டைக்கு அம்மாவால ஏற முடியுமா? மெல்க் மடத்துலயும் படி அதிகமா?


பயணப்பை_ஜோபர்க்:

கோட்டைக்கு அம்மா வேணாம் தங்கச்சி. கல்லுப் பாதை, அரைமணி நேரம் செங்குத்தா ஏறணும், மேல இருக்கறது இடிஞ்ச சுவருதான், 1645ல ஸ்வீடன் படை வந்து ஒடச்சது. அப்பா மட்டும் காலைல வெயிலுக்கு முன்னாடி ஏறட்டும். சிலுவப் போருலேர்ந்து திரும்புற வழில ரிச்சர்ட 1192 டிசம்பர்ல புடிச்சாங்க, அந்தப் போருல புடிச்ச ஆக்ர் கோட்டைல ரிச்சர்ட் ஆளுங்க தன் கொடிய எறக்குன கோவம் ஆஸ்திரியா டியூக் லியோபோல்டுக்கு. அப்புறம் வந்த பிணைப்பணத்துல இவரு பங்க வெச்சி வீனர் நாய்ஸ்டாட்னு ஒரு ஊரையே எழுப்பினாங்க, சரித்திர வாத்தியாருக்கு இதெல்லாம் தெரிஞ்சே இருக்கும். பாட்டுக்காரரு ஒருத்தரு கோட்டை கோட்டையா பாடிக்கிட்டே போயி ராஜாவக் கண்டுபுடிச்சாருன்னு அங்க எல்லாரும் சொல்லுவாங்க, அது பின்னாடி வந்த கதை. அம்மாவ கீழ ஆத்தங்கரைல நீலக் கோபுரத்துக் கோயில்கிட்ட உக்கார வெச்சிடுங்க, அங்கேர்ந்தே கோட்டை தெரியும்.

மெல்க் மடம் குன்னு மேல இருக்கு, ஸ்டேஷன்லேர்ந்து ஏத்தம், அம்மாவுக்கு டாக்ஸி புடிங்க. 1089லேர்ந்து அங்க சாமியாருங்க இருக்காங்க, இப்ப நிக்கிற மஞ்சக் கட்டடம் 1702லேர்ந்து கட்டினது. லைப்ரரிக்குள்ள அப்பாவ விட்டா வெளிய வர நேரமாகும், கப்பல் டைம அதுக்கேத்த மாதிரி பாத்துக்கோங்க.

கப்பல்ல மேல்தட்டுல எடது பக்கம் எடம் புடிங்க. ஸ்பிட்ஸ், வைசன்கிர்ஹன், ட்யூர்ன்ஷ்டைன் மூணும் எடது கரை. வில்லன்டார்ஃபும் அந்தப் பக்கம்தான், 1908ல மண்ணுக்கடிலேர்ந்து எடுத்த அந்தச் சின்ன பொம்பள சிலையோட ஊரு, அசல் சிலை வியன்னா நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல இருக்கு, பதினொரு சென்டிமீட்டர்தான். அதுக்கெல்லாம் முன்னாடியே ஆக்ஸ்டைன் கோட்டை வலது பக்கம் உயரத்துல வரும், அப்ப பிள்ளைங்கள எழுந்து அந்தப் பக்கம் ஓடச் சொல்லுங்க, அம்மா எடத்த விட்டு நகர வேணாம்.