பொது நடிகர் தேர்வு: தனி வசனத்தை எப்படித் தயார் செய்வது?

கேள்வி:
வணக்கம். அடுத்த மாதம் ஒரு நாடகக் குழு நடத்தும், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளக்கூடிய நடிகர் தேர்வுக்குச் செல்லவிருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மிகாத தனி வசனம் ஒன்றை மனப்பாடம் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே தரப்படும் ஒரு காட்சியையும் வாசிக்க வேண்டுமாம். சென்ற முறை வேறொரு குழுவின் தேர்வில், நான் நடித்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருந்தவர்கள் குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார்கள். பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிய கணத்தில் அடுத்த வரி மறந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டேன். இம்முறை எப்படிப் பயிற்சி செய்யலாம்?

பதில் 1:
தேர்வு மேசைக்குப் பின்னால் சில முறை உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே நாளில் நாற்பது பேரைப் பார்க்கும்போது, குறிப்பு எடுக்காவிட்டால் மாலையில் யார் என்ன செய்தார்கள் என்பதே நினைவிருக்காது. ஆகவே எழுதுவதை நிராகரிப்பாக எண்ண வேண்டாம்.

அதே இடத்தில் இருமுறை தடுமாறியதுதான் கவனிக்க வேண்டியது. சொற்களை ஓசையாக மட்டும் மனப்பாடம் செய்திருந்தால், ஒரு கண்ணி அறுந்ததும் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு வரியையும் பாத்திரம் எதை அடைவதற்காகச் சொல்கிறது என்று தெரிந்திருந்தால், சொல் தவறினாலும் எண்ணம் உங்களை அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். "நான் போகிறேன்" என்று ஒரு வசனத்தில் மூன்று முறை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை, யாராவது தடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. இரண்டாம் முறை மிரட்டல். மூன்றாம் முறைதான் உண்மையாகவே புறப்படுவது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் எந்த வரி எங்கே வரும் என்ற குழப்பமே எழாது. இதற்கு அந்த வசனம் வரும் நாடகம் முழுவதையும் படித்திருக்க வேண்டும். வசனத்தை ஒன்றரை நிமிடத்துக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். மௌனங்களுக்கும் நேரம் வேண்டும்.

பதில் 2:
தேர்வாளர்களின் கண்களைப் பார்த்துப் பேசியதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களுடைய தலைக்குச் சற்று மேலே ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, நீங்கள் யாரிடம் பேசுகிறீர்களோ அவரை அங்கே நிறுத்துங்கள். அப்போது மேசையில் யார் எழுதினாலும் உங்களைப் பாதிக்காது. வரி மறந்தால் மன்னிப்புக் கேட்காமல், பாத்திரமாகவே ஒரு மூச்சு எடுத்துத் தொடருங்கள்.

இன்னொன்று: நடித்து முடித்ததும், "இதையே கோபமில்லாமல் செய்யுங்கள்" என்று இயக்குநர் கேட்கக்கூடும். முதலில் செய்தது தவறு என்பது அதன் பொருளன்று. சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். எனவே, ஒரே ஏற்ற இறக்கத்தில் உறைந்துவிடாதபடி, வசனத்தை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பழகுங்கள். என்னைப் பொறுத்தவரை, பயிற்சியில் இதுவே மிக முக்கியமானது.

பதில் 3:
வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தாளை மார்பளவில் பிடித்து, வரியின் ஓரத்தில் கட்டைவிரலை நகர்த்திக்கொண்டே வாருங்கள். கண்ணால் ஒரு தொடரை எடுத்து, தலை நிமிர்ந்து, உங்களோடு காட்சியை வாசிப்பவரிடம் சொல்லுங்கள். அவர் பேசும்போது உங்கள் அடுத்த வரியைத் தேடாமல் அவரைக் கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று நடுவிலிருந்து தொடங்கிப் பார்த்தபோது ஐந்தாம் வரியில் நின்றுவிட்டேன். அந்த வரியை அம்மாவிடம் சொல்கிறேனா, எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேனா என்பதையே இதுவரை நான் முடிவு செய்யவில்லை. நாளை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.