மறு: 'இழப்பீட்டு மேலாளர்' வேண்டாமே

> 'காம்பன்சேஷன் அண்ட் பெனிஃபிட்ஸ்': இழப்பீடும் நன்மைகளும் என்று வைக்கலாம். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணே, அகராதியில் இருக்கிறது, சரி. ஆனால் நம் கலைச்சொல் பட்டியலுக்கு வேண்டியது, நிறுவனம் தன் ஆட்களுக்குத் தரும் காசையும் சலுகைகளையும் கவனிக்கும் பிரிவுக்கு ஒரு பெயர். ராமேசுவரம் பக்கத்து மீனவர் ஊர்களான பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ போய் "இழப்பீடு வந்திருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கே படகு போனால் கேட்பது இழப்பீடு, ஆள் போனால் கேட்பதும் இழப்பீடு. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் வேலையில் நேரும் விபத்துக்கானதுதான். உழைத்து வாங்கும் காசுக்கு அந்தப் பெயர் ஆகாது.

என் பரிந்துரை: ஊதியமும் பலன்களும். 'பணப்பலன்', 'ஓய்வூதியப் பலன்' எல்லாம் அரசு அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குபவை.

> 'சம்பளம்' போதாதா?

போதாது. மண்டபம் பக்கம் நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விசைப்படகில் போகிறவருக்கு டீசல், ஐஸ் செலவு கழித்த மிச்சத்தில் பங்கு. மேலாளருக்குத்தான் மாதச் சம்பளம். மூன்றுக்கும் பொதுவாக நிற்பது 'ஊதியம்'. எவ்வளவு நிலையாகத் தருவது, எவ்வளவு வேலைக்கேற்பத் தருவது என்று தீர்மானிப்பது ஊதிய வடிவமைப்பு. (சம்பளம் உப்பிலிருந்து வந்தது என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள். வாலிநோக்கம் உப்பளத்திலேயே கூலி என்றுதான் பேச்சு.)

பலன் என்றால் கம்பெனி வேன், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி). ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் இதில் வராது, அது முதலாளி தருவதல்ல.

முன்பணம்தான் சிக்கல். வட்டியில்லாக் கடனைப் பெரிய நிறுவனங்கள் பலன் பட்டியலில் வைக்கும். படகு முதலாளி தரும் அட்வான்ஸும் வட்டியில்லாததுதான். ஆனால் அதை அடைக்காமல் வேறு படகில் ஏற முடியாது. ஆளைக் கட்டிப்போடுவதைப் பலன் என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்ற எனக்கு மனம் இல்லை. 'கடன்' என்றே இருக்கட்டும்.

> அப்படியானால் சி.டி.சி.-க்கு?

சி.டி.சி. (காஸ்ட் டு கம்பெனி) என்பது ஓர் ஆளுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அதனால் 'ஆட்செலவு'. முதலாளி கட்டும் 12% பி.எஃப். பங்கும், பணிக்கொடைக்கு ஒதுக்குவதும் அதில் அடக்கம். 'மொத்தச் சம்பளம்' மட்டும் வேண்டாம். கைக்கு வருவது அதைவிடக் குறைவு; முதல் மாதம் பேங்க் மெசேஜைப் பார்த்ததும் சண்டை வரும்.