பொருள்: மறு: குவாடல்கனால் நூல் – பெரிமீட்டருக்குத் தமிழ்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவான குவாடல்கனாலில் நடந்த சண்டை பற்றிய நம் நூலில் அடிக்கடி வரும் சொல் ‘பெரிமீட்டர்’: ஒரு படை தன் இடத்தைச் சுற்றி அமைக்கும் தற்காப்புக் கோடு. அதற்குப் புதுத் தமிழ்ச்சொல் வேண்டும் என்றதற்கு நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் விடைகள் இவை.

> பள்ளிப் பாடநூலிலேயே ‘சுற்றளவு’ இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, சுற்றளவு என்பது ஓர் அளவு. இத்தனை மீட்டர் என்று சொல்லலாம். அதை எதிரி உடைத்தான், அதற்குள் புகுந்தான் என்று எழுத முடியாது. நம் கையில் இருப்பதோ படமும் வரைபடமுமாக வரும் சிறு போர் வரலாறு. படத்தின் அடியில் ஒன்றரை வரிக்குத்தான் இடம். படித்தவுடன் விளங்கும் சொல்லாக இல்லாவிட்டால் அந்த ஒன்றரை வரியும் வீண்.

> ‘முற்றுகை வளையம்’ வழக்கில் உள்ளதுதானே?

அம்மா, அது வெளியே நிற்பவன் போடும் வளையம். குவாடல்கனாலில் கோடு கிழித்தவர்கள் உள்ளே இருந்தவர்கள். மதிலை வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி என்று பூவிலேயே பிரித்துக் காட்டிய மொழி நம்முடையது. இரண்டையும் ஒரே சொல்லில் கலக்க என் மனம் ஒப்பவில்லை.

நான் முன்வைப்பது ‘அரண்வளையம்’.

1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க மரைன் படை அந்தத் தீவில் இறங்கி, ஜப்பானியர் கட்டிக்கொண்டிருந்த விமானத்தளத்தை மறுநாளே பிடித்தது. அன்று இரவு சாவோ தீவருகே நேசநாடுகளின் கனரகக் குரூசர் போர்க்கப்பல்கள் நான்கு மூழ்க, சரக்குக் கப்பல்கள் முழுதும் இறக்காமலே கிளம்பிவிட்டன. மரைன்களின் தளபதி வாண்டகிரிஃப்ட் தீவைப் பிடிக்கப் புறப்படவில்லை. லுங்கா முனையில் அந்த ஓடுதளத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு அதற்குள் நின்றார். அடுத்த சில மாதங்களின் தரைப்போரில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்காகத்தான். நூலின் ஏறக்குறைய எல்லா வரைபடத்திலும் வருவது அதுவே என்பதால்தான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மன்றாடுகிறேன்.

> அரண் என்றால் மதில். அங்கே மதில் ஏது?

நல்ல கேள்வி. ஆனால் வள்ளுவர் அரணை மதிலோடு நிறுத்தவில்லை. ‘மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்’ என்கிறார். லுங்கா வரைபடத்தை இந்தக் குறளோடு வைத்துப் பாருங்கள். வடக்கே கடல், கிழக்கே ஓடை, தெற்கே புல்மேடும் அடர்காடும். ஆகஸ்ட் 21 விடியலுக்கு முன் ஜப்பானியத் தளபதி இச்சிக்கியின் படை மோதி அழிந்தது ஓடைக் கரையில். செப்டம்பர் 12 முதல் 14 வரை இன்னொரு ஜப்பானியத் தளபதி கவாகுச்சியின் படையை மரைன் அதிகாரி எட்சனின் ஆட்கள் மறித்தது மேட்டின் மேல். (படத்தடிக் குறிப்பு எழுதுபவர்கள் கவனிக்க: அன்றைய அமெரிக்க வரைபடங்கள் இந்த ஓடையை, அதாவது இலு ஆற்றை, தெனாரு என்று தவறாகக் குறித்தன. ‘தெனாரு சண்டை’ என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பெயரை மாற்ற வேண்டாம்; ஆற்றை மட்டும் சரியாகக் காட்டுவோம்.)

‘வளையம்’ மீதும் ஒரு தடை எழலாம். தொடக்கத்தில் அது வளையமாகவே இல்லை. எதிரி கடல்வழி வந்திறங்குவான் என்று பலமெல்லாம் கரையில் குவிந்திருந்தது. தெற்கே காட்டுப் பக்கம் இடைவெளிகள். கவாகுச்சி வந்த வழியும் அதுதான். செப்டம்பர் 18 அன்று 7ஆம் மரைன் ரெஜிமென்ட் வந்து சேர்ந்த பிறகே கோடு சுற்றிலும் இணைந்தது. இந்த வேறுபாட்டைச் சொல் மறைக்காது, காட்டித்தரும்: ஆகஸ்ட் படத்துக்கு ‘முழுமை பெறாத அரண்வளையம்’, செப்டம்பர் இறுதிப் படத்துக்கு வெறும் ‘அரண்வளையம்’. முதலதைப் புள்ளிக்கோட்டாலும், அடுத்ததை முழுக்கோட்டாலும் வரைந்தால் பள்ளிப் பிள்ளையும் கவாகுச்சி ஏன் தெற்கிலிருந்து வந்தார் என்று கண்டுகொள்ளும்.

வளையமாகச் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் ஓடும் தற்காப்பு வரிசைக்கு ‘அரண்கோடு’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும். கடல்வழி இறங்கும் படை முதலில் பிடிக்கும் கரைப்பகுதியான பீச்ஹெட்டுக்கு நம் சொற்பட்டியலில் உள்ள ‘கடற்கரைத் தலை’யை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், தமிழ்க் காதுக்கு அது எதையும் சொல்லவில்லை. ‘கரைப்பிடி’ போதும். அது ஆகஸ்ட் 7 வரைபடத்தோடு முடிந்துவிடும்.

வளையத்துக்கு வெளியே காட்டில் தனியாக நிறுத்தப்பட்ட சிறு காவல் குழுக்களுக்கு எனக்கு இன்னும் மனநிறைவான சொல் அமையவில்லை. ‘புறக்காவல்’ எனலாமா? படைத்துறையில் இருந்தவர்கள் யாரேனும் இருந்தால், அங்கே தமிழ் வீரர்கள் தமக்குள் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்