தொழில் தொடங்க உதவி தேடிப் போனபோது மறக்க முடியாதது எது?

மரச்செக்கு_கோபி
கடன் கிடைக்காததைக்கூட விடுங்கள், அந்த ஒரு பக்கம்தான் இன்னும் உறுத்துகிறது. மானியத்தோடு தொழில் கடன் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்துக்கு மனு போட்டேன், திட்ட அறிக்கை எழுதத் தெரியாது, ஒருவர் ஆறாயிரம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார். வங்கி மேனேஜர் புரட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, தாளை என் பக்கம் திருப்பினார். “ஏங்க, கடலை எண்ணெய் ஆட்டறதுக்கு எம்-சாண்ட் எதுக்குங்க?” மூலப்பொருள் பட்டியலில் சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி. யாரோ ஹாலோ பிளாக் போடுகிறவருடைய அறிக்கையில் என் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். நிலக்கடலை என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. பக்கத்து நாற்காலியில் மாமியார், மடியில் மஞ்சப்பை, அதற்குள் வீட்டுப் பத்திரம். “என்ன கண்ணு சொல்றாரு?” என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை.

தையல்கடை_மதுரை
எனக்கு உத்யம் பதிவில், அதாவது சிறுதொழிலை அரசிடம் பதிவதில் நடந்தது. நெட்டில் முதலில் வந்த பக்கத்தில் 2,700 ரூபாய் கட்டினேன், சான்றிதழே வரவில்லை. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன், அங்கிருந்த அம்மா ஆதார் எண்ணைக் கேட்டு, என் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டு அங்கேயே முடித்துவிட்டார். பர்ஸைத் திறந்து எவ்வளவுங்கம்மா என்றேன். “இதுக்குக் காசே கிடையாதும்மா” என்றார். திறந்த பர்ஸோடு அப்படியே நின்றேன்.

மாவு_மில்_32
கோபி, கோபப்படாதீர்கள், கையெழுத்துப் போடும் முன் படித்திருக்க வேண்டும். நானும் முதல் தடவை திரும்பி வந்தவன்தான், என் கதை அவ்வளவுதான். இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அறிக்கையை நீங்களே தமிழில் எழுதுங்கள். ஒரு லிட்டருக்கு நிலக்கடலைப் பருப்பு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ, நாளைக்கு எத்தனை லிட்டர், புண்ணாக்கு யார் எடுப்பார், கரண்ட் பில் எவ்வளவு, கடலை விலை ஏறும் மாதத்தில் என்ன செய்வீர்கள், மேனேஜர் கேட்பது இவ்வளவுதான். எண்ணெய் உணவுப் பொருள் என்பதால், சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் பிஎம்எஃப்எம்இ-யும் பாருங்கள், 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம். அதில் அறிக்கை எழுத உதவவே மாவட்டத்தில் ஆள் போட்டிருக்கிறார்கள், நீங்கள் காசு தர வேண்டாம். பிஎம்இஜிபி-யில் கிராமத்துப் பெண்ணுக்கும் 35-தான், கைக்காசு 5 சதவீதம் போதும், ஆனால் மானியம் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடந்து கடனில் கழியும். அதை வைத்து மெஷின் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், ஒரு வரம்பு வரை சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரத்தை ஏன் எடுத்துப் போனீர்கள்?

தையல்கடை_மதுரை
அண்ணே, படித்திருக்க வேண்டும் என்பது சுலபமாகச் சொல்லிவிடலாம். அறிக்கை எழுதுகிறவர்கள் இங்கிலீஷில் நாற்பது பக்கம் அடித்துத் தருகிறார்கள், எங்கே கையெழுத்து என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டுத் தருகிறார்கள். போடாமல் என்ன செய்வோம்? ஏமாற்றியவனை விட்டுவிட்டு அவரைக் கேட்கிறீர்களே.

மரச்செக்கு_கோபி
பத்திரம் அத்தைதான் எடுத்து வந்தார், கடன் என்றால் அது வேண்டும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஈடு வேண்டாம் என்ற விஷயத்தை இன்று காலை அவரிடம் சொன்னேன், பையைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டார். மாவு மில் அண்ணா, ஒரு சந்தேகம். பக்கத்து ஊர்ச் செக்கில் கொடுத்து ஆட்டினால் எனக்கு லிட்டருக்கு இரண்டே முக்கால் கிலோ ஆகிறது. கடலை வெயிலில் காய்ந்தது பத்தவில்லையா, இல்லை செக்கிலா கோளாறு? நான் எழுதுவதில் எந்தக் கணக்கைப் போட?