பொன்மலை குடும்பக் குழு: அத்தை, மாமா சிகாகோ பயணம்

விஜயா அத்தை: அண்ணா, வரும் வியாழன் கிளம்புகிறோம். சென்னை, துபாய், சிகாகோ. பிரியாவுக்கு நவம்பர் முதல் வாரம் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை.

மாலா சித்தி: லேகியம் கிளறியாச்சா அண்ணி?

விஜயா அத்தை: ஆச்சு. கசகசா போட்டு அரைத்த குருமாப் பொடியும் தயார்.

பெரியப்பா: விஜி, அந்தப் பொடியை எடுக்கவே எடுக்காதே. அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. போதைப்பொருள் கணக்கில் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் முட்டிவலி மாத்திரை டிராமடால் என்றால் அதுவும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சுந்தரம் மாமா: பாராசிட்டமால்தான்.

கார்த்தி: கறிவேப்பிலை?

பெரியப்பா: பச்சை இலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் வரும் என்று பயம். பொடி, ஊறுகாய் எது இருந்தாலும் கேட்டால் சொல்லிவிட வேண்டும். ஆகாததை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் அபராதம்.

மாலா சித்தி: என்னைச் சிங்கப்பூர் கூட்டிப்போகிறேன் என்றவர் இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை.

கார்த்தி: சித்தப்பா ஆன்லைனில்தான் இருக்கிறார்.

சித்தப்பா: மீட்டிங்கில் இருக்கிறேன்.

பெரியப்பா: முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மருந்து முழுவதும் கைப்பையில். போன முறை எங்களோடு வந்த ஒருவர் மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டார். பெட்டி வந்து சேரவில்லை. நம்மூர் டாக்டர் சீட்டைக் காட்டினால் அங்கே மருந்துக்கடையில் தரமாட்டார்கள். மனிதர் தவித்துப்போனார். விஜி, உன் இன்சுலினும் அப்படித்தான். சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் வீண். சிகாகோ நமக்கு 10½ மணி நேரம் பின்னால். எந்த ஊசியை எப்போது போடுவது என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்.

விஜயா அத்தை: சரி அண்ணா. மிக்ஸி?

பிரியா: அம்மா வேண்டாம்!! இங்கே 120 வோல்ட். அந்த மிக்ஸி ஓடாது. இந்தக் கரண்டுக்கு ஏற்ற நம்மூர் மிக்ஸி இங்கேயே கிடைக்கிறது.

விஜயா அத்தை: என் மிக்ஸியில் அரைத்தால்தான் இட்லிப்பொடி சரியாக வரும்.

பெரியப்பா: பிரியா, வீல்சேர் சொல்லிவிட்டாயா?

பிரியா: அப்பா வேண்டாம் என்கிறார் பெரிய மாமா.

சுந்தரம் மாமா: எனக்கு எதற்கு வீல்சேர்? ரயில்வேயிலேயே வாழ்ந்தவன். கார்த்தி கல்யாணத்தில் ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு நடந்தே வந்தவன்தானே நான்.

கார்த்தி: மாமா, அன்றைக்குக் கார் அனுப்பினோம். நீங்கள்தான் வேறு வாசலில் இறங்கிவிட்டீர்கள்.

மாலா சித்தி: ஆரம்பிச்சாச்சு.

பெரியப்பா: மாப்பிள்ளை, உங்கள் கால் எனக்குத் தெரியாதா? துபாயில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குப் போக உள்ளேயே ரயில் ஏற வேண்டியிருக்கும். அப்புறம் ஏறக்குறைய 15 மணி நேரம் ஒரே இருக்கை. இடையிடையே எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டும். இறங்கியதும் இமிகிரேஷன் வரிசை. பேரப்பிள்ளையைத் தூக்கப் போகிற உடம்பு, அதை வழியிலேயே சோர வைக்காதீர்கள்.

பெரியம்மா: நான் உட்கார்ந்துதான் போனேன். தள்ளிக்கொண்டு வந்த பெண் கடைசி வரை கூடவே இருந்தாள். நான் அலையவே இல்லை.

சுந்தரம் மாமா: பார்க்கலாம்.

விஜயா அத்தை: என் பெயரில் போட்டுவிடு பிரியா. அப்பாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரியப்பா: இன்னொன்று. விசா 10 வருடம் என்றால் 10 வருடம் தங்கலாம் என்று இல்லை. இறங்கும்போது கொடுக்கும் தேதிதான் கணக்கு.

கார்த்தி: மாமாவின் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் நவம்பரில் கொடுக்க வேண்டுமே?

சுந்தரம் மாமா: அட, ஆமாம்.

பிரியா: சிகாகோவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது அப்பா. அங்கே வாங்கிவிடலாம்.

சித்தப்பா: வீட்டுச் சாவி யாரிடம்?

மாலா சித்தி: மீட்டிங் முடிந்ததா?

விஜயா அத்தை: எதிர்வீட்டில் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

பெரியப்பா: நாங்கள் இருக்கும்போது எதிர்வீடு எதற்கு விஜி?

விஜயா அத்தை: அப்படியில்லை அண்ணா, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வசதி என்றுதான். இரவு போன் செய்கிறேன்.

பிரியா: அப்பா, வீல்சேர் இரண்டாகப் போடட்டுமா? 48 மணி நேரம் முன்பாவது சொல்ல வேண்டும்.

பிரியா: அப்பா?

கார்த்தி: பார்த்துவிட்டார். நீல டிக் வந்துவிட்டது.